கட்டிலருகே ஓர் ஆசான்: நேப்பிள்ஸ் நகரின் புனித ஜோசப் மொஸ்காத்தி



யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, நாம் நம் பங்கின் பாதுகாவலரைப் பற்றித்தான் எழுதுவோம் என்று எண்ணியிருப்பார்கள். பாதுகாவலரைப் பற்றி இம்மலரின் தொடக்கத்திலேயே வேறொருவர் நன்றாக எழுதிவிட்டார். நாம் எடுத்துக்கொண்டவர் குருவுமல்லர், துறவியுமல்லர். கோட்டு அணிந்து, மீசை வைத்து, கையில் பையுடன் சந்து சந்தாக நடந்து திரிந்த ஒரு டாக்டர் அவர்.

ஏன் ஒரு டாக்டர் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில், நம் பங்கைச் சேர்ந்த வயதான தாய் ஒருவருக்கு நோயில்பூசுதல் கொடுக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றிருந்தோம். செபத்தைத் தொடங்குமுன் பெரிய டாக்டர் வார்டைப் பார்வையிட வந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். நாம் ஒதுங்கி நின்றோம். அவர் கட்டில் எண்ணைச் சொன்னார், நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மாணவர் போர்வையை விலக்கினார், இன்னொருவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். மூன்று நிமிடத்தில் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். தனக்கு என்னவாம் என்று அந்தத் தாய் நம்மிடம்தான் கேட்டார்.

அந்த டாக்டரை நாம் குறை கூறவில்லை. அவருக்கு இன்னும் நாற்பது கட்டில்கள் இருந்தன. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் அந்தப் பிள்ளைகள் நோயைப் பற்றி மட்டுமா கற்றுக்கொண்டார்கள்? நோயாளியிடம் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, பேசாமலேயே எப்படிப் போவது என்பதையும் சேர்த்தல்லவா கற்றுக்கொண்டார்கள். நம் பங்கிலிருந்தும் பிள்ளைகள் மருத்துவமும் செவிலியர் படிப்பும் படிக்கிறார்கள். புத்தகம் படித்துத் தேறிவிடலாம். வார்டில் அவர்கள் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் அன்று முதல் நம் மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்கு விடை தேடியபோது கிடைத்தவர்தான் மொஸ்காத்தி.

இத்தாலிய மொழியில் அவர் பெயர் ஜுசெப்பே. நம் பெரியோர் வழக்கில் சொன்னால் சூசை. 1880-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் தென் இத்தாலியில் பெனவெந்தோ என்னும் ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாமவர். தந்தை பிரான்செஸ்கோ நீதிபதி. தாய் ரோசா உயர்குலத்துப் பெண்மணி. தந்தையின் மாற்றலால் குடும்பம் முதலில் அங்கோனாவுக்கும் பின்பு 1884-இல் நேப்பிள்ஸ் நகருக்கும் குடிபெயர்ந்தது. 1888-ஆம் ஆண்டு அமல உற்பவி திருநாளன்று சிறுவன் ஜோசப் முதல் நற்கருணை வாங்கினான்.

நீதிபதியின் மகன் சட்டம் படிப்பான் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவனை மருத்துவத்துக்குத் திருப்பியது அண்ணன் அல்பெர்த்தோவின் துன்பம் என்பார்கள். அல்பெர்த்தோ பீரங்கிப் படையில் இளம் அதிகாரி. ஜோசப்புக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும்போது, அண்ணன் குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். காயம் ஆறியது, ஆனால் வலிப்பு நோய் வந்து ஒட்டிக்கொண்டது. அக்காலத்தில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. வலிப்பு எந்நேரம் வரும் என்று தெரியாது. யாராவது பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பள்ளிப் பையனான தம்பி அண்ணனின் கட்டிலருகே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தான். 1904-இல் அண்ணன் இறக்கும்வரை அந்த வீட்டில் ஒரு நோயாளி இருந்துகொண்டே இருந்தார். ஜோசப் கண்ட முதல் வார்டு அவர் வீடுதான் என்று சொன்னால் மிகையாகாது.

1897-இல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் தந்தை மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அக்காலத்து மருத்துவக் கல்லூரிகளில் கடவுளை நம்புகிறவன் அறிவில் பின்தங்கியவன் என்ற ஏளனம் பரவலாக இருந்தது. அவர் வாதாடவில்லை. நாள்தோறும் திருப்பலிக்குப் போனார், படித்தார். 1903 ஆகஸ்ட் 4-இல், கல்லீரலில் யூரியா உண்டாகும் முறை பற்றிய ஆய்வுடன் மிக உயர்ந்த மதிப்பெண்கள் பெற்று டாக்டரானார். வயது 23.

சில மாதங்களுக்குள் இன்குராபிலி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். இன்குராபிலி என்றால் குணமாகாதவர்கள் என்று பொருள். மற்ற இடங்களில் கைவிடப்பட்டவர்களுக்காக 1522-இல் மரியா லொரென்சா லோங்கோ என்னும் ஸ்பானிய நாட்டு விதவைப் பெண்மணி நிறுவியது. கப்புச்சின் கிளாரா கன்னியரின் சபையைத் தொடங்கியவரும் அவரே. 2021-இல் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக ஏழைகளின் வாடை வீசிய அந்தக் கட்டடத்தில் மொஸ்காத்தி தம் வாழ்நாள் முழுவதையும் கழித்தார்.

அவருடைய தைரியத்தை நகரம் முதலில் கண்டது 1906 ஏப்ரலில். வெசூவியஸ் எரிமலை நெருப்பையும் சாம்பலையும் கக்கியது. குருத்து ஞாயிறை ஒட்டிய நாட்கள் அவை. மலையடிவாரத்தில் தோரே தெல் கிரேக்கோ என்ற ஊரில் இன்குராபிலி ஆஸ்பத்திரியின் கிளை ஒன்று இருந்தது. அங்கிருந்தவர்கள் முதியோரும் முடக்குவாதக்காரரும். எழுந்து ஓட முடியாதவர்கள். மொஸ்காத்தி அங்கே விரைந்து போய், ஒவ்வொருவராகத் தூக்கி வெளியேற்றச் செய்தார், தாமும் தூக்கினார். கடைசி நோயாளியை வெளியே கொண்டுவந்த சற்று நேரத்தில், சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழுந்தது. பின்னர் மேலதிகாரிகளுக்கு எழுதியபோது, உடன் உழைத்த பணியாளர்களைப் பாராட்டும்படி கேட்டுக்கொண்டாரே தவிரத் தம்மைப் பற்றி எதையும் கேட்கவில்லை.

1911-இல் நகரில் காலரா பரவியபோது அரசாங்கம் அவருடைய உதவியை நாடியது. அதே ஆண்டு ஆஸ்பத்திரியின் நிலையான பதவி ஒன்றுக்குப் போட்டித் தேர்வு நடந்தது. தேர்வாளர்களில் ஒருவர் அந்தோனியோ கர்தரெல்லி. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தக் கிழவர் நோயாளியைப் பார்த்த பார்வையிலேயே நோயைச் சொல்லிவிடுவார் என்று நாடெங்கும் பேர் பெற்றவர். அவரே இந்த இளைஞரின் அறிவைக் கண்டு வியந்து, தம் நீண்ட கால அனுபவத்தில் இவ்வளவு தயாரான ஒருவரைக் கண்டதில்லை என்று மனம் திறந்து பாராட்டினாராம். பிற்காலத்தில் கர்தரெல்லி நோயுற்றபோது மொஸ்காத்திதான் அவருக்கு வைத்தியம் பார்த்தார். ஆசானுக்கு மாணவன் மருத்துவனானான்.

இதற்கிடையில் அவர் ஆய்வுக்கூடத்திலும் பெரிய ஆளாகிவிட்டார். உடலில் நடக்கும் இரசாயன மாற்றங்களைப் பற்றிய கல்வியில், அதாவது நாம் உண்ணும் மாவும் சர்க்கரையும் உள்ளே என்னவாகின்றன என்பதைக் காணும் துறையில், பல ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு நேரான பாதை அது. 1914-இல் தாய் ரோசா நீரிழிவு நோயால் இறந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. சர்க்கரையைப் பற்றி ஆராய்ந்த மகனால் சர்க்கரை நோயுற்ற தாயைக் காப்பாற்ற இயலவில்லை. அடுத்த ஆண்டு இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியது. படையில் சேர மனுச் செய்தார். ஆஸ்பத்திரிக்கு நீர்தான் தேவை என்று மறுத்துவிட்டார்கள். காயம்பட்டும் நோயுற்றும் வந்த ஏறத்தாழ 3,000 போர்வீரர்களைக் கவனித்து, ஒவ்வொருவரின் நோய்க் குறிப்பையும் எழுதிவைத்தார்.

1917-இல் அவர் எடுத்த முடிவுதான் இந்த வரலாற்றின் நடு முடிச்சு. பேராசிரியர் பதவி அவருக்கு எட்டும் தூரத்தில் வந்தது. அதை அவர் தம் நண்பர் கயத்தானோ குவாலியாரியெல்லோவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டார்.

பங்கு மக்களில் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள் சிலர் உண்டு. இது எத்தகைய விட்டுக்கொடுத்தல் என்று அவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பேராசிரியருக்குப் பட்டமும் மேடையும் உதவியாளர்களும் உண்டு. வார்டு டாக்டருக்கு இருமலும் சீழும் படுக்கைப் புண்ணும் உண்டு. தேவ அழைத்தல் குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் மட்டும் உரியது என்று நினைக்கிறோமே, இந்த மனிதர் தம்மைக் கடவுள் அழைத்திருப்பது வார்டுக்கு என்று ஐயமின்றி அறிந்திருந்தார். திருமணமும் செய்துகொள்ளவில்லை. தமக்கை நீனாவே அவருடைய வீட்டைக் கவனித்தார்.

கற்பிப்பதையும் அவர் கைவிடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. மேடையை விட்டார், மாணவர்களை விடவில்லை. மாணவர்களும் இளம் டாக்டர்களும் அவரைத் தேடி வார்டுக்கே வந்தார்கள். 1919-இல் ஆண்கள் பகுதியின் மூன்றாம் வார்டுக்கு அவர் தலைமை மருத்துவரானார். அதுவே அவருடைய கல்லூரி.

கட்டிலருகே நின்று கற்பிக்கும் முறை இத்தாலிக்குப் புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் பாதுவா நகரில், நம் கோடி அற்புதர் அந்தோனியார் அடக்கமாகியிருக்கும் அதே பாதுவாவில், ஜியோவான்னி பத்திஸ்தா தா மோந்தே என்ற பேராசிரியர் தம் மாணவர்களைப் புனித பிரான்சிஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று நோயாளிகளின் முன் நிறுத்திப் பாடம் சொன்னார். அதுவரை நூலை வாசிப்பதே மருத்துவக் கல்வி. நாடி பிடிக்காமலேயே பட்டம் பெற்றுவிடலாம்.

இம்முறையில் பாடம் எப்படி நடக்கும்? முதலில் கேட்க வேண்டும். நோயாளி எங்கே வேலை செய்கிறார், வீட்டில் என்ன உண்கிறார், வலி எப்போது வருகிறது, எதனால் தணிகிறது. பின் பார்க்க வேண்டும். நிறம், மூச்சு, படுத்திருக்கும் விதம். பின் தொட வேண்டும். பின் விரலால் தட்ட வேண்டும். மார்பைத் தட்டினால் காற்று நிரம்பிய இடம் ஒரு விதமாகவும் நீர் கோத்த இடம் வேறு விதமாகவும் ஒலிக்கும். இதை 1761-இல் உலகுக்குச் சொன்ன ஆஸ்திரிய நாட்டு டாக்டர் அவுன்புருக்கர் ஒரு சத்திரக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது அவர் வீட்டுத் தொழில். (படிப்பில்லாத தகப்பன் தொழிலைப் பழிக்கும் நம் இளைஞர்கள் இதை இரண்டு முறை வாசிக்கட்டும்.) கடைசியாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1816-இல் பாரிஸ் நகரில் லனெக் என்ற கத்தோலிக்க டாக்டர் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் இன்று டாக்டர்களின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது.

இவற்றையெல்லாம் புத்தகத்தில் படித்துவிடலாம் என்று தோன்றும். படித்துப் பயனில்லை. ஈரல் வீங்கியிருக்கிறதா என்பதை விரல் நுனிதான் அறியும். அந்த விரலைச் சரியான இடத்தில் வைக்க, ஏற்கெனவே அறிந்த ஒரு கை வழிகாட்ட வேண்டும். மாணவன் தவறு செய்வான். அவசரப்படுவான். நோயாளிக்கு வலிக்கும். ஆசான் பக்கத்தில் நின்று, நோயாளியின் மானமும் குறையாமல், மாணவனின் ஊக்கமும் கெடாமல் திருத்தவேண்டும். தாமே பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை அரை மணி நேரமாகும். இதற்குத் தனிக் கூலி எவரும் தருவதில்லை.

மொஸ்காத்தி இதில் வல்லவர். ஆய்வுக்கூடத்தின் இரசாயனத்தைக் கட்டிலருகே கொண்டுவந்தார் என்பது அவருடைய தனிச்சிறப்பு. அதே நேரத்தில் பரிசோதனைச் சீட்டை நம்பிக் கண்ணையும் கையையும் மறக்கவிடவில்லை. அவர் நோயைக் கண்டறியும் வேகம் மற்ற டாக்டர்களைத் திகைக்க வைத்தது. 1921-இல் உலகப் புகழ்பெற்ற பாடகர் கரூசோ சாகும் தறுவாயில் தாயகம் திரும்பியபோது, பல டாக்டர்கள் பார்த்தும் பிடிபடாத சீழ்க்கட்டி உதரவிதானத்தின் கீழ் இருப்பதைச் சொன்னவர் அவர். ஆனால் காலம் கடந்துவிட்டது.

இந்தத் திறமையைக் காட்டிலும் மாணவர்கள் நெஞ்சில் பதிந்தது வேறொன்று. கட்டிலில் கிடப்பவர் உடல் மட்டுமல்லர், அழியாத ஆன்மாவும் உடையவர் என்பதை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. தம் மாணவராயிருந்த இளம் டாக்டர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் சில கிடைத்திருக்கின்றன. நோயாளியின் வலியைத் தசையின் துடிப்பாகக் கொள்ளாமல் ஓர் ஆன்மாவின் கூக்குரலாகக் கேட்க வேண்டும் என்பதும், உலகத்தை மாற்றியது அறிவியலைவிட அன்பே என்பதும் அவற்றின் சாரம். அறிவியலை அவர் தாழ்த்தினார் என்று எவரும் எண்ண வேண்டாம். புதிய நூல்களையும் இதழ்களையும் இரவு நெடுநேரம் வாசித்தவர் அவர். அறிவில்லாத அன்பு நோயாளியைக் கொன்றுவிடும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நோயாளிகளைப் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கும்படி அவர் அடிக்கடி தூண்டினார். உடன் பணியாற்றியவர்களில் சிலர் இதற்காக அவரை எள்ளினார்கள், பொறாமை கொண்டவர்களும் இருந்தார்கள். குருவாகிய நாம் இதைப் பாராட்டுவதில் வியப்பில்லை. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுவோம்: முதலில் நோயைச் சரியாகக் கண்டு மருந்தும் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஆன்மாவைப் பற்றிப் பேசினார். அதனால்தான் கேட்டார்கள்.

இறந்தவர்களும் அவருடைய மாணவர்களுக்கு ஆசிரியர்களானார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கும் பகுதியின் பொறுப்பையும் பிற்காலத்தில் அவர் ஏற்றார். உயிருடன் இருந்தபோது கட்டிலருகே சொன்ன முடிவு சரியா தவறா என்று மாணவர்களின் கண் முன்னே அங்கே தெரிந்துவிடும். தவறு தம்முடையது என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ள ஆசானுக்கும் மனத்திடம் வேண்டும். ஒருநாள் சக டாக்டர்களையும் மாணவர்களையும் அங்கே வரச்சொன்னார். ஏதோ அரிய நோயால் இறந்தவரின் உடலை அறுத்துக் காட்டப்போகிறார் என்று எல்லாரும் கூடினார்கள். மேசை வெறுமையாக இருந்தது. சுவரைக் காட்டினார். அங்கே புதிதாக ஒரு பாடுபட்ட சுரூபம். அதன் அருகே, சாவுக்கே சாவாக வருவேன் என்னும் பொருளில் இறைவாக்கினர் ஓசேயாவின் நூலிலிருந்து ஒரு வாக்கு எழுதப்பட்டிருந்தது. அன்றைய பாடம் அவ்வளவுதான்.

இதை வாசிக்கும்போது நமக்கு ஒரு பழைய நினைவு வருகிறது. தியாக்கோனாக ஒரு கிராமப் பங்கில் இருந்த காலத்தில், முதிய பங்குக் குரு ஒருவர் சாகக் கிடந்த ஒருவரைச் சந்திக்க நம்மை உடன் அழைத்துச் சென்றார். குருமடத்தில் கற்ற சுறுசுறுப்புடன் நாம் செபப் புத்தகத்தை உடனே திறந்தோம். அவர் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடிவிட்டு, கட்டிலருகே பாயில் உட்காரும்படி கையால் காட்டினார். கால் மணி நேரம் அந்தக் குடியானவரின் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச்சு நடந்தது. பிறகுதான் செபம். எட்டாண்டு மெய்யியலும் இறையியலும் கற்றுத் தராத ஒன்றை அந்தப் பாயில் கற்றுக்கொண்டோம். அவர் இல்லாதிருந்தால் நாமும் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்திருப்போம்.

மொஸ்காத்தியின் பாடம் ஆஸ்பத்திரி வாசலோடு முடியவில்லை. விடியுமுன் எழுந்து திருப்பலியில் பங்குகொள்வார். பின் ஏழைகளின் சந்துகளில் நோயாளிகளைப் பார்ப்பார். பிறகு வார்டு. பிற்பகலில் வீட்டில் வரிசையாகக் காத்திருப்போர். அவர் வீட்டின் முன்னறையில் ஒரு தொப்பி வைத்திருந்தார். இயன்றவர்கள் அதில் போடலாம், இல்லாதவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மருந்துச் சீட்டுக்குள் பணத்தை மடித்து வைத்து ஏழையிடம் கொடுத்தனுப்பியதும் உண்டு. அடிக்கடி கவனிக்கவேண்டிய ஒரு முதியவரிடம், நாள்தோறும் தாம் கடந்து செல்லும் ஒரு காப்பிக் கடையில் வந்து உட்கார்ந்து தம் கணக்கில் பாலும் பிஸ்கட்டும் சாப்பிடச் சொன்னாராம். வழியில் எட்டிப் பார்ப்பார். கிழவர் நாற்காலியில் இல்லையென்றால் நேரே அவர் வீட்டுக்குப் போவார். மறுபக்கம் பெரியவர்களும் அவரை நாடினார்கள். பொம்பேய் நகரில் செபமாலை அன்னையின் திருத்தலத்தை நிறுவிய பர்த்தலோ லோங்கோவை 1926-இல் அவர் இறக்கும்வரை கவனித்துக்கொண்டவரும் மொஸ்காத்தியே.

1922-இல் மருத்துவத்தில் கற்பிக்கும் தகுதியை அரசு அவருக்கு வழங்கியது. வழக்கமாக நடக்கும் மாதிரிப் பாடத்திலிருந்தும் செய்முறைத் தேர்விலிருந்தும் தேர்வாளர்கள் ஒருமனதாக அவருக்கு விலக்கு அளித்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் நடந்த உலக உடலியல் மாநாட்டுக்குச் சென்றார். இன்சுலினைப் பற்றி அம்மாநாட்டில் விரிவாகப் பேசப்பட்டது. தாயைப் பலிகொண்ட நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. நேப்பிள்ஸில் இன்சுலினை முதன்முதலாகப் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். மற்ற டாக்டர்களுக்கும் அதன் அளவையும் ஆபத்தையும் கற்றுக்கொடுத்தார். இரகசியமாக வைத்திருந்தால் அந்த ஒரு மருந்தாலேயே பெரும் பணக்காரராகியிருக்கலாம் என்று உலகம் சொல்லும்.

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை. காலையில் திருப்பலியில் நற்கருணை வாங்கினார். ஆஸ்பத்திரியில் வழக்கம்போல் வார்டைச் சுற்றிவந்தார். வீடு திரும்பிச் சிறிதளவு உண்டு, காத்திருந்த நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். பிற்பகல் மூன்று மணியளவில் உடல்நிலை சரியில்லை என்று உணர்ந்து தம் அறைக்குச் சென்று சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டார். அப்படியே இறைவனிடம் சென்றார். வயது 46. புனித டாக்டர் போய்விட்டார் என்ற சேதி சந்துகளில் பரவியது. ஏழைகளும் மாணவர்களும் டாக்டர்களும் திரண்டுவந்தார்கள்.

முதலில் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் 1930 நவம்பர் 16-இல் சேசு சபையாரின் ஜேசு நுவோவோ ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1975-ஆம் ஆண்டு அதே நவம்பர் 16-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1978-இல் இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த ஓர் இளைஞனின் தாய், வெள்ளைக் கோட்டு அணிந்த டாக்டர் ஒருவரைக் கனவில் கண்டார். அது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னர் மொஸ்காத்தியின் படத்தைக் கண்டு அடையாளம் சொன்னார். மகன் பிழைத்தான். புனிதர் பட்டத்துக்குத் திருச்சபை ஏற்றுக்கொண்ட புதுமை அதுவே. 1987 அக்டோபர் 25-ஆம் நாள், பொதுநிலையினரின் அழைத்தலைப் பற்றி ஆயர்களின் மாமன்றம் உரோமையில் கூடியிருந்த நேரத்தில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

தமக்கை நீனா தம்பியின் பொருட்களைப் பத்திரப்படுத்தி அந்த ஆலயத்துக்கே கொடுத்துவிட்டார். அவர் உயிர்விட்ட நாற்காலியும் அங்கே இருக்கிறது. ஆலயத்துக்குள் அவருடைய வெண்கலச் சிலை ஒன்றும் உண்டு. நோயுற்றவர்களும் அவர்களுடைய உறவினரும் வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். பலர் பிடித்துப் பிடித்து அந்தக் கை மட்டும் தேய்ந்து பளபளவென்றிருக்கிறது.

அவருடைய திருநாள் நவம்பர் 16. இந்த யூபிலி ஆண்டில் அன்று மாலைத் திருப்பலியை நம் பங்கின் நோயாளிகளுக்காக ஒப்புக்கொடுப்போம். திருப்பலிக்குப் பின் நம் பங்கைச் சேர்ந்த டாக்டர்களும் செவிலியர்களும், இத்துறைகளில் படிக்கும் பிள்ளைகளும் பங்கு இல்லத்தில் ஒன்றுகூட வேண்டுகிறோம். மாணவர் ஒருவரைத் தம்முடன் வார்டுக்கோ கிளினிக்குக்கோ கிராமத்து நோயாளிகளின் வீட்டுக்கோ அழைத்துச் செல்ல மனமுள்ள டாக்டர்கள் எத்தனை பேர் என்று அறிய ஆசைப்படுகிறோம். இருவர் ஏற்கெனவே இசைந்திருக்கிறார்கள். வர விரும்புவோர் நவம்பர் முதல் ஞாயிறுக்குள் கோயில்பிள்ளையிடம் பெயர் கொடுக்கவும். தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட அந்தத் தாய் குணமாகி வீடு திரும்பி, இப்போது முதல் பூசைக்குத் தவறாமல் வருகிறார். அன்று மாலை பிள்ளைகளிடம் பேச அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.